ஈஆர்சி பணம்: காத்திருப்பதா, கைவிடுவதா, கோர்ட்டுக்குப் போவதா?

அமெரிக்காவில் கொரோனாக் காலத்தில் ஆட்களை நிறுத்தாமல் சம்பளம் கொடுத்த முதலாளிகளுக்கு மத்திய அரசு தந்த வரிச் சலுகைதான் ஈஆர்சி. 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் சட்டத்தில் பிறந்தது. 2020ஆம் ஆண்டு முழுவதற்கும் ஓர் ஊழியருக்கு 5,000 டாலர் வரை. 2021இன் முதல் மூன்று காலாண்டுகளில், காலாண்டுக்கு 7,000 டாலர் வரை. ஆக மொத்தம் தலைக்கு 26,000 டாலர். விளம்பரங்களில் ஓயாமல் ஒலித்தது இந்தக் கடைசி எண் மட்டும்தான். நிபந்தனைகளை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

புதிதாகக் கேட்க இப்போது வழியில்லை. 2020 காலாண்டுகளுக்கான கெடு 2024 ஏப்ரல் 15இலும், 2021 காலாண்டுகளுக்கான கெடு 2025 ஏப்ரல் 15இலும் முடிந்துவிட்டது. மிச்சமிருப்பவர்கள் மூன்று வகை. கேட்டுவிட்டு இன்னும் பதில் வராதவர்கள். மறுப்புக் கடிதம் வந்தவர்கள். பணத்தை வாங்கிவிட்டு, நமக்கு உண்மையிலேயே தகுதி இருந்ததா என்று இப்போது யோசிப்பவர்கள். இவர்கள் முன்னால் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

பலர் தொகையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இரண்டு லட்சம் டாலர் என்றால் விடக்கூடாது, இருபதாயிரம் என்றால் போகட்டும் என்ற கணக்கு. அது சரியான அளவுகோல் இல்லை. எந்தக் காலாண்டு, தகுதியைக் காட்டக் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் தொகையைப் பார்க்க வேண்டும்.

முதலில் காலாண்டு

2021இன் மூன்றாம், நான்காம் காலாண்டுகளுக்குத் தனி விதி வந்துவிட்டது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தின்படி, இந்த இரண்டு காலாண்டுகளுக்கான கோரிக்கை 2024 ஜனவரி 31க்குப் பிறகு தாக்கலாகி, சட்டம் வரும்வரை பணம் வராமல் இருந்தால், அது செத்த கோரிக்கை. தகுதி முழுமையாக இருந்தாலும் கிடைக்காது. இங்கே வாதாட ஒரே ஒரு விஷயம்தான் உண்டு: "நான் ஜனவரி 31க்குள் அனுப்பிவிட்டேன்." அதற்குச் சான்று தபால் முத்திரையும் பதிவுத் தபால் ரசீதும். வரும் பணத்தில் பங்கு பேசி உங்களுக்காகக் கோரிக்கை தயாரித்த கமிஷன் கம்பெனி ரசீதை வைத்திருந்தால் இன்றே கேட்டு வாங்குங்கள். அந்தக் கம்பெனிகளில் பல கடையைக் கட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த அடியில் அதிகம் நொந்தவை 'மீட்சிக்காலப் புதுத்தொழில்' என்ற பிரிவில் கேட்ட சின்ன நிறுவனங்கள். 2020 பிப்ரவரி 15க்குப் பிறகு தொடங்கி, ஆண்டுச் சராசரி வசூல் பத்து லட்சம் டாலருக்கு மிகாமல் இருந்தால், வசூல் குறைந்ததையோ அரசாணையையோ காட்டாமலே காலாண்டுக்கு 50,000 டாலர் வரை அவர்கள் கேட்கலாம். ஆனால் அந்தப் பிரிவு செல்லுபடியாவதே மூன்றாம், நான்காம் காலாண்டுகளில்தான். தாமதமாகக் கேள்விப்பட்டுத் தாமதமாகக் கேட்டவர்களுக்கு நியாயம் இருந்தும் பணம் இல்லை. இவர்களிடம் "அப்பீல் செய்து வாங்கித் தருகிறோம்" என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

2020 காலாண்டுகளும், 2021இன் முதல் இரண்டு காலாண்டுகளும் இந்தச் சட்டத்தில் மாட்டவில்லை. கெடுவுக்குள் தாக்கலானவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. நான்கு காலாண்டுகளுக்குச் சேர்த்துக் கேட்டிருந்தாலும், ஒவ்வொன்றும் தனித்தனி 941-எக்ஸ் படிவம், அதாவது 941 என்ற காலாண்டுச் சம்பள வரிப் படிவத்தின் திருத்தம். ஒவ்வொன்றின் விதியும் தனி. ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைத் தக்கவைக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மொத்தத்தையும் கைவிட்டவர்கள் உண்டு.

அடுத்து, கையிலுள்ள காகிதம்

வசூல் குறைந்தது என்ற அடிப்படையில் கேட்டிருந்தால் நிலைமை வலுவானது. எண்கள் பொய் சொல்லாது. 2020இல் ஒரு காலாண்டின் மொத்த வசூல், 2019இன் அதே காலாண்டு வசூலில் பாதிக்குக் கீழே போயிருக்க வேண்டும். போன பிறகு, வசூல் 80 சதவீதத்தைத் தாண்டும் காலாண்டு வரை தகுதி நீளும். தாண்டிய அந்தக் காலாண்டும் உள்ளேதான். உதாரணமாக, இரண்டாம் காலாண்டில் 45 சதவீதம், மூன்றாவதில் 70, நான்காவதில் 85 என்றால் மூன்றுமே சேரும். மூன்றாம் காலாண்டு பாதிக்கு மேல் இருக்கிறதே என்று விட்டவர்கள் நிறையப் பேர். 2021இல் அளவு தளர்ந்தது: 2019இன் அதே காலாண்டில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால், முந்தைய காலாண்டைக் காட்டலாம். 2021 முதல் காலாண்டில் வியாபாரம் மீண்டிருந்தாலும், 2020 கடைசிக் காலாண்டு 2019 கடைசிக் காலாண்டைவிட 20 சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தால் தகுதி உண்டு.

இந்த அடிப்படை உடையும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே முதலாளிக்கு மூன்று உணவகங்கள், ஒரு மளிகைக் கடை. பாதிக்கு மேல் பங்கு ஒரே கையில் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டித்தான் வசூலையும் ஆள் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 2020 வசந்தத்தில் உணவகங்கள் விழுந்தன, மளிகைக் கடை வசூல் அள்ளியது. தனித்தனியாகப் பார்த்தால் தகுதி, கூட்டினால் காணோம். மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கேட்பதற்கு முன் நீங்களே கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

அரசாணையால் தொழில் முழுமையாகவோ பகுதியாகவோ நின்றது என்ற அடிப்படை இரண்டாவது. மாநிலம், கவுண்டி, நகரம் ஆகியவற்றில் ஏதாவதொன்றின் ஆணை. அதன் உரை, எண், தொடங்கிய நாள், முடிந்த நாள், அது உங்கள் தொழிலில் எதை நிறுத்தியது என்பதெல்லாம் கையில் வேண்டும். ஆணை இருந்த நாட்களின் சம்பளம் மட்டுமே கணக்கில் வரும், காலாண்டு முழுவதும் அல்ல. நின்ற பகுதி சொற்பமாக இருக்கக்கூடாது: 2019இல் மொத்த வசூலில் அல்லது வேலை நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் என்பது ஐ.ஆர்.எஸ். வைத்த கோடு. உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தை மூடிவிட்டுப் பார்சல் மட்டும் கொடுத்த உணவகம் இதில் நன்றாகப் பொருந்தும். வீட்டிலிருந்தே எல்லோரும் வேலை பார்த்த ஐ.டி. கன்சல்டிங் கம்பெனி பொருந்தாது. அலுவலகம் பூட்டியிருந்தது உண்மை, ஆனால் தொழில் ஓடியது. நம்மவர்கள் நடத்தும் கன்சல்டிங் நிறுவனங்களில் இந்தக் காரணத்தை எழுதிக் கோரியிருந்தால், அது எத்தனை பக்க அறிக்கையோடு வந்திருந்தாலும் நிற்காது.

நோய்த்தடுப்பு மையமும், பணியிடப் பாதுகாப்பு அமைப்பும் வெளியிட்டவை பெரும்பாலும் பரிந்துரைகள், ஆணைகள் அல்ல. "சப்ளையர் மூடிவிட்டார், சரக்கு வரவில்லை" என்ற காரணம் இன்னும் பலவீனம். சப்ளையரை முடக்கிய அரசாணை எது, அது எந்த நாள் வரை, வேறு எவரிடமும் சரக்கு கிடைக்கவில்லையா, அதனால் உங்கள் வேலை நின்றதா என்ற நான்கையும் ஆவணத்தோடு காட்ட வேண்டும் என்று ஐ.ஆர்.எஸ்.ஸின் சட்ட ஆலோசனை அலுவலகம் 2023 ஜூலையில் எழுதிவைத்திருக்கிறது. விலை ஏறியது, தாமதமானது என்பதெல்லாம் போதாது. கமிஷன் கம்பெனிகள் 2021இன் மூன்று காலாண்டுகளுக்கும் தாராளமாகப் போட்டது இந்தக் காரணத்தைத்தான். உங்கள் கோப்பில் இதைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால், கீழே வரும் வழிகளில் கைவிடும் வழியை முதலில் படியுங்கள்.

பதில் வராதவர்கள்: காத்திருப்பதும் கைவிடுவதும்

காத்திருப்பதற்குச் செலவில்லை, வட்டியும் ஏறிக்கொண்டிருக்கிறது. கார்ப்பரேஷனாக இருந்தால் திருப்பித் தரும் தொகையில் 10,000 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு வட்டி வீதம் குறைவு. ஆனாலும் வட்டி வட்டிதான். அந்த வட்டிக்கு வருமான வரி உண்டு.

வசூல் சரிவை எண்ணால் காட்ட முடிகிறவர்களுக்குக் காத்திருப்பதே நல்ல வழி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை அலசிய ஐ.ஆர்.எஸ்., 2024 ஜூனில் சொன்ன விகிதம் இது: 10 முதல் 20 சதவீதம் அப்பட்டமாகத் தவறு, 60 முதல் 70 சதவீதம் சந்தேகத்துக்குரியவை, மிச்சம் 10 முதல் 20 சதவீதம் ஆபத்து குறைந்தவை. சந்தேகக் குவியலில் நல்ல கோரிக்கைகளும் கலந்து கிடக்கின்றன. அதனால் தாமதத்தை மட்டும் வைத்து, நம் கோரிக்கை கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு காலாண்டுக்கும் 941 கணக்கு விவரப் பதிவை எடுத்துப் பாருங்கள். 977 என்ற குறியீடு இருந்தால் திருத்தப் படிவம் வந்து சேர்ந்தது. 846 என்றால் பணம் அனுப்பியாகிவிட்டது. 846 இருந்தும் காசோலை வரவில்லை என்றால் பெரும்பாலும் முகவரிக் கோளாறு. 2021இல் இருந்த கடையை மூடிவிட்டு வேறிடம் போனவர்கள் 8822-பி படிவத்தில் புது முகவரி கொடுக்காமல் விட்டிருப்பார்கள். காசோலை பழைய கடைக்குப் போய்த் திரும்பியிருக்கும். மறுப்புக் கடிதமும் அப்படித்தான் போயிருக்கும். கடிதம் கைக்கு வராவிட்டாலும் கெடு ஓடத் தொடங்கிவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

கைவிடுவது எளிது. அந்த 941-எக்ஸ் படிவத்தில் ஈஆர்சியைத் தவிர வேறு திருத்தம் இருக்கக்கூடாது. அந்தக் காலாண்டின் முழுத் தொகையையும் கைவிட வேண்டும். பணம் வந்திருக்கக்கூடாது, அல்லது காசோலை வந்தும் வங்கியில் போடாமல் வைத்திருக்க வேண்டும். படிவத்தின் முதல் பக்க நகலில் இடது ஓரத்தில் 'வித்ட்ரான்' என்று ஆங்கிலத்தில் எழுதி, வலது ஓரத்தில் பொறுப்பானவர் கையெழுத்து, பெயர், பதவி, தேதி. ஐ.ஆர்.எஸ். தளத்தில் இதற்கென்று கொடுத்திருக்கும் எண்ணுக்கு ஃபேக்ஸ். தணிக்கை தொடங்கியிருந்தால் ஃபேக்ஸ் வேண்டாம், தணிக்கை அதிகாரியிடமே கொடுக்க வேண்டும். காசோலை கையில் இருந்தால் பின்புறம் 'வாய்டு' என்று எழுதி, மடிக்காமல், பின் குத்தாமல், கைவிடும் குறிப்போடு தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டதாக ஐ.ஆர்.எஸ். கடிதம் வரும்வரை கைவிட்டதாக நினைக்கக்கூடாது.

ஏற்றுக்கொண்டால் அந்தக் கோரிக்கை போடப்படவே இல்லை என்று கணக்கு. அபராதமும் வட்டியும் கிடையாது. வேண்டுமென்றே பொய் சொன்னவர்களுக்கு மட்டும் இது கவசம் ஆகாது. தொகையைக் கொஞ்சம் குறைக்க மட்டும் வேண்டுமென்றால் இந்த வழி பொருந்தாது. இன்னொரு 941-எக்ஸ் போட்டுத்தான் குறைக்க வேண்டும். உரிமையாளர் சம்பளத்தைத் தவறுதலாகச் சேர்த்தவர்களுக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது வழி. பாதிக்கு மேல் பங்குள்ள உரிமையாளருக்கு உடன்பிறந்தவரோ பெற்றோரோ பிள்ளைகளோ உயிரோடு இருந்தால் அவர் சம்பளம் சேராது. உறவே இல்லாத ஆளுக்கு மட்டும் சேரும். விசித்திரமான விதிதான். ஆனாலும் 2021 ஆகஸ்டிலிருந்து எழுத்தில் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு வழியைச் சிலர் காட்டுவார்கள்: வரப்போகும் பணத்தைத் தள்ளுபடியில் விற்றுவிடுவது. இப்போது கையில் கொஞ்சம் பணம், வந்த பிறகு முழுத்தொகையும் அவர்களுக்கு. அரசிடமிருந்து வரவேண்டிய, இன்னும் அனுமதிக்கப்படாத தொகையை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதைச் சட்டம் தடுக்கிறது. அதனால் ஒப்பந்தத்தை வேறு உருவத்தில் எழுதுகிறார்கள். அதில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு வரி: கோரிக்கை மறுக்கப்பட்டால் வாங்கியதை நீங்கள் திருப்பித் தர வேண்டுமா? ஆம் என்று இருந்தால் அது விற்பனை இல்லை, வட்டி அதிகமான கடன். பெரும்பாலும் உரிமையாளரின் தனிப்பட்ட ஜாமீனும் கேட்பார்கள். சம்பளம் போட வழியில்லாமல் கடை மூடும் நிலையில் இருப்பவரைத் தவிர மற்றவர்கள் இதைத் தொட வேண்டாம்.

மறுப்புக் கடிதம் வந்தவர்கள்

105-சி என்ற எண் போட்ட கடிதம்தான் மறுப்பு. 2024 கோடையில் சுமார் 28,000 கடிதங்கள் ஒரே சமயத்தில் போயின. அவற்றில் சிலவற்றில் மேல்முறையீட்டு உரிமையைச் சொல்லும் பத்தி விட்டுப்போனது. உரிமை இல்லாமல் போகவில்லை, பத்திதான் இல்லை. அதை நம்பி ஒன்றும் செய்யாமல் விட்டவர்கள் தேதியை இப்போதாவது பார்க்க வேண்டும்.

இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. 30 நாளுக்குள் ஆவணங்களோடு பதில் அனுப்ப வேண்டும், அல்லது மேல்முறையீடு கேட்க வேண்டும் என்பது சின்னக் கடிகாரம். அது தவறினால் கதவு முழுதாக மூடிவிடாது. பெரிய கடிகாரம் இரண்டு ஆண்டு: மறுப்புக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து அதற்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாக வேண்டும். மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக இந்த இரண்டு ஆண்டு நிற்காது. இதுதான் இந்த விவகாரத்திலேயே மோசமான பொறி. 2024 ஜூலை 20 அன்று அனுப்பிய கடிதத்துக்கு 2026 ஜூலை 20 வரைதான். அந்த நாள் கடந்தபின் மேல்முறையீட்டு அதிகாரி உங்கள் பக்கம் நியாயம் என்று ஒப்புக்கொண்டாலும் ஐ.ஆர்.எஸ். பணம் தரச் சட்டத்தில் இடமில்லை. காலத்தை நீட்ட 907ஆம் படிவம் உண்டு. ஆனால் கெடு முடியும் முன்பே நீங்களும் ஐ.ஆர்.எஸ்.ஸும் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பி அவர்கள் மேசையில் கிடந்தால் அது நீட்டிப்பு ஆகாது. ஆறு மாதம் மிச்சம் இருக்கும்போதே அனுப்ப வேண்டும்.

மேல்முறையீட்டுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை, சி.பி.ஏ. என்ற உரிமம் பெற்ற கணக்காளர், அல்லது என்ரோல்டு ஏஜென்ட் என்ற ஐ.ஆர்.எஸ். உரிமம் பெற்ற வரி முகவர் போதும். 2848 படிவத்தில் 941 என்றும், சம்பந்தப்பட்ட காலாண்டுகளையும் சரியாகக் குறிப்பிட்டு அதிகாரம் கொடுக்க வேண்டும். '2021' என்று மட்டும் எழுதினால் திரும்பி வரும். பதிலோடு வைக்க வேண்டியவை: 2019, 2020, 2021 மூன்று ஆண்டுகளின் காலாண்டு வாரி வசூல் கணக்கு, அது வருமான வரிப் படிவத்தோடு பொருந்துகிறது என்று காட்டும் ஒரு பக்கம், ஆள்வாரிச் சம்பளப் பதிவேடு, பிபிபி (கொரோனாக் காலத்தில் சம்பளம் போட அரசு ஏற்பாடு செய்த கடன்) தள்ளுபடி விண்ணப்பம், அரசாணை நகல், பங்கு விவரம். தள்ளுபடி விண்ணப்பத்தைப் பலர் மறக்கிறார்கள். பிபிபியில் காட்டிய அதே சம்பளத்தை ஈஆர்சியில் காட்ட முடியாது. தள்ளுபடிக்கு 60 சதவீதம் சம்பளம் போதும், மிச்சத்துக்கு வாடகை, மின்கட்டணம் காட்டியிருக்கலாம். ஆனால் அன்று சோம்பலாக எல்லாமே சம்பளம் என்று எழுதியவர்களுக்கு அந்தச் சம்பளம் போனது போனதுதான்.

நீதிமன்றம் என்றால் இரண்டு இடங்கள்: மத்திய மாவட்ட நீதிமன்றம், அல்லது வாஷிங்டனில் உள்ள மத்திய உரிமைக்கோரிக்கை நீதிமன்றம். முன்னதில் ஜூரி கேட்கலாம். பின்னதில் நீதிபதி மட்டும். தாக்கல் கட்டணம் 405 டாலர்தான். செலவு வழக்கறிஞரிடம். கம்பெனியும் லாபநோக்கற்ற அமைப்பும் வழக்கறிஞர் இல்லாமல் ஆஜராக முடியாது. கோரிக்கை போட்டு ஆறு மாதம் பதிலே இல்லையென்றால், மறுப்புக் கடிதத்துக்குக் காத்திராமலும் வழக்குப் போடலாம். அப்படிப் போட்டால் கோப்பு நீதித்துறை வழக்கறிஞர் கைக்குப் போகும். அவர் உங்கள் தகுதியை முதலிலிருந்து தோண்டுவார். வசூல் சரிவு பளிச்சென்று இருந்து, தொகையும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் வழக்கு நியாயமான வழி. அரசாணையை வைத்து முப்பதாயிரம் டாலருக்கு வழக்கு என்றால் வழக்கறிஞருக்குத்தான் லாபம்; மேல்முறையீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போராடாமல் மறுப்பை ஏற்றுக்கொள்பவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஈஆர்சி வரும் என்று எண்ணி அன்றைய வருமான வரியில் சம்பளச் செலவைக் குறைத்துக் காட்டியிருப்பீர்கள். வராத பணத்துக்கு வரி கட்டியாகிவிட்டது. மறுப்பு உறுதியான ஆண்டில் அந்தத் தொகையைச் சம்பளச் செலவாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஐ.ஆர்.எஸ். 2025 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. பழைய படிவத்தைத் திருத்த வேண்டியதில்லை.

பணம் வாங்கிவிட்டு யோசிப்பவர்கள்

தானாக முன்வந்து ஒப்படைக்கும் திட்டம் இரண்டு முறை திறந்து மூடியது. முதல் முறை, 2024 மார்ச் 22 வரை, வாங்கியதில் 80 சதவீதம் கொடுத்தால் போதும். இரண்டாம் முறை, அதே ஆண்டு நவம்பர் 22 வரை, 2021க்கு மட்டும், 85 சதவீதம். இப்போது அந்தத் தள்ளுபடி இல்லை. முழுத்தொகையும் வட்டியும்தான்.

ஐ.ஆர்.எஸ். எவ்வளவு நாள் கேட்க முடியும் என்பது காலாண்டுக்குக் காலாண்டு மாறும். 2020க்கு வழக்கமான மூன்றாண்டுக் காலம் 2024 ஏப்ரல் 15இலும், 2021 முதல் இரண்டு காலாண்டுகளுக்கு 2025 ஏப்ரல் 15இலும் முடிந்தது. அதோடு நிம்மதி இல்லை. தவறாகப் போன பணத்தைத் திரும்பக் கேட்டு, பணம் கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அரசு வழக்குப் போடலாம். உண்மையை மறைத்து வாங்கியிருந்தால் ஐந்து ஆண்டு. மூன்றாம், நான்காம் காலாண்டுகளுக்கு 2025 சட்டம் ஆறு ஆண்டு ஆக்கிவிட்டது. குறைந்தது 2028 ஏப்ரல் 15 வரை, தாமதமாகக் கேட்டவர்களுக்கு அதற்கும் அப்பால். அதுவரை கோப்பைத் தூக்கிப் போட வேண்டாம்.

எனவே தவறு மூன்றாம் காலாண்டில் என்றால், தணிக்கைக் கடிதம் வருமுன் 941-எக்ஸ் போட்டுத் திருப்பிக் கட்டுவதே மலிவு. 20 சதவீத அபராதம் தவிர்க்கலாம். தவறு 2020இல் என்றால், எதையும் எழுதி அனுப்புவதற்கு முன் வரி வழக்கறிஞரைப் பாருங்கள். சி.பி.ஏ.யிடம் சொல்வதற்கு வழக்கறிஞரிடம் சொல்வதற்குரிய ரகசியப் பாதுகாப்பு இல்லை.

தகுதி சரியாக இருந்தும் வருமான வரியைச் சரிசெய்யாதவர்கள் தனிக்கூட்டம். ஓர் உணவகத்தில் 12 பேர், 2021இன் முதல் இரண்டு காலாண்டுகள், ஆளுக்குக் காலாண்டில் 10,000 டாலருக்கு மேல் சம்பளம் என்று வையுங்கள். 12 பேருக்கு 84,000 வீதம் 1,68,000 டாலர். கமிஷன் 20 சதவீதம் என்றால் 33,600 போகும். சம்பளச் செலவில் அந்த 1,68,000ஐக் கழிக்க வேண்டும். 24 சதவீத வரிப் படியில் 40,320 டாலர் கூடுதல் வரி. கையில் நிற்பது 94,080. கமிஷனைச் செலவாகக் காட்டலாம் என்பது மட்டும் சின்ன ஆறுதல். விளம்பரம் சொன்னது முதல் எண்ணை. பழைய ஆண்டைத் திருத்தாமல் விட்டிருந்தால், பணம் வந்த ஆண்டில் அதை வருமானமாகச் சேர்த்து முடித்துக்கொள்ளவும் ஐ.ஆர்.எஸ். வழி கொடுத்திருக்கிறது.

கோயிலும் தமிழ்ப் பள்ளியும்

லாபநோக்கற்ற அமைப்புகளுக்குக் கணக்கு வேறு மாதிரி. வசூல் என்பதில் நன்கொடை, மானியம், சந்தா, முதலீட்டு வரவு எல்லாம் சேரும். 2020 கடைசிக் காலாண்டில் ஒரு பெரிய நன்கொடை வந்திருந்தால், உண்டியல் காலியாகக் கிடந்தும் வசூல் சரிவு காணாமல் போகும். தள்ளுபடியான பிபிபி கடன்கூட வசூலாக எண்ணப்படும். அதை விலக்கும் விதிவிலக்கைத் தேர்ந்தெடுத்தால், எல்லாக் காலாண்டிலும் ஒரே மாதிரி விலக்க வேண்டும். கூடி வழிபடுவதைத் தடுத்த ஆணை இருந்த ஊர்களில் கோயிலுக்கு அரசாணை அடிப்படை நன்றாகவே நிற்கும். ஆனால் அர்ச்சகர் சம்பளம் சேராது; மதகுருவின் ஊதியத்துக்குச் சமூகப் பாதுகாப்பு வரி பிடிப்பதில்லை, அந்த வரி பிடிக்கும் சம்பளத்துக்குத்தான் ஈஆர்சி. மடைப்பள்ளி ஆட்கள், அலுவலக ஆட்கள், துப்புரவுப் பணியாளர் சம்பளம் சேரும். ஊழியராக இல்லாமல் 1099 படிவத்தில் பணம் வாங்கும் இசை ஆசிரியரும் தன்னார்வலரும் சேர மாட்டார்கள். அர்ச்சகர்களையும் சேர்த்துக் கேட்டிருந்தால், முழுவதையும் கைவிட வேண்டாம். குறைக்கும் படிவம் போதும். வருமான வரி இல்லாத அமைப்பு என்பதால் சம்பளச் செலவைத் திருத்தும் தலைவலி பெரும்பாலும் இல்லை.

யாரிடம் போவது

பேரோல் கம்பெனி படிவத்தை நிரப்பித் தரும். தகுதிக்குப் பொறுப்பேற்காது, அப்படி எழுதி உங்களிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கும். அது நேர்மையான ஏற்பாடுதான், தெரிந்து போனால். ஆட்களைக் கூட்டாக வேலைக்கு வைக்கும் பிஇஓ வழியாகச் சம்பளம் போட்டவர்களுக்குச் சிக்கல் அதிகம்: 941 அவர்கள் எண்ணில் தாக்கலாகிறது, பணமும் அவர்களுக்கே வருகிறது, பின்னால் வரும் கடிதமும் அவர்களுக்கே. அதன் நகலை எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

கமிஷன் கம்பெனி இதுவரை வாங்கியது போதும். தணிக்கை வந்தால் ஐ.ஆர்.எஸ். முன் உங்களுக்காக நிற்க அவர்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். பலர் தயாரித்தவர் கையெழுத்தைக்கூடப் படிவத்தில் போடவில்லை. பணம் திரும்பக் கட்ட நேர்ந்தால் கமிஷன் திரும்பி வருமா என்ற வரியையும் தேடுங்கள். இருந்தால் கம்பெனி இருக்கும்போதே எழுதிக் கேளுங்கள். கோரிக்கைக்காக அவர்கள் தயாரித்த கணக்குத்தாளும் தகுதி அறிக்கையும் உங்களுடைய ஆவணம். மேல்முறையீட்டுக்கோ வழக்குக்கோ போகும் புதிய சி.பி.ஏ. முதலில் கேட்பது அவற்றைத்தான். அவர் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவார். காலாண்டு வசூலையும் ஆணைகளையும் நீங்களே தொகுத்து ஒரே கோப்பாகக் கொடுத்தால் பில் பாதியாகும்.

கடை மூடும் அளவுக்கு நெருக்கடி என்றால் 911 படிவத்தில் வரி செலுத்துவோர் வழக்காடு சேவையிடம் போகலாம், கட்டணம் இல்லை. மாதக்கணக்கில் அசையாத கோப்பை அவர்களால் தள்ளிவிட முடியும். சட்டம் கொன்றுவிட்ட மூன்றாம் காலாண்டுக் கோரிக்கையை அவர்களாலும் எழுப்ப முடியாது.